தாழ்ப்பாளைத் திறந்த பிறகு சங்கம் தொடங்கலாம்

கேள்வி: சென்ற ஞாயிறு மதியம் குடும்பத்தோடு பழைய ‘எதிர் நீச்சல்’ படம் பார்த்தோம். பட்டு மாமியும் கிட்டு மாமாவும் வரும் இடங்களில் என் மாமியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பக்கத்துக் குடித்தனப் பிள்ளைகள் இருவர் வந்தால் நடுவில் கத்துவார்கள் என்று கதவைத் தாழிட்டுக்கொண்டோம். அவர்களுடைய அம்மாவுக்குக் காசிமேட்டில் மீன் வியாபாரம், ஞாயிறன்று மாலைதான் வருவார். அந்தக் காலத்து ஒட்டுறவு எங்கள் ஆறு குடித்தனக் கட்டடத்தில் இல்லையே என்று ஏக்கமாக இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் தொடங்கலாமா?
– வாசகி, புதுவண்ணாரப்பேட்டை

பதில்: சகோதரி, இதே ஏக்கத்தைச் சொல்லும் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. சங்கத்தைப் பிறகு பார்க்கலாம்; முதலில் அந்தத் தாழ்ப்பாளுக்கு வருவோம்.

ஞாயிறு, காசிமேட்டில் வியாபாரம் சூடாக நடக்கும் நாள். விடிவதற்கு வெகு நேரம் முன்பே போய் நின்றால்தான் நல்ல மீன் கிடைக்கும் என்பதை உங்கள் பகுதியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப் போன தாய் மாலைவரை திரும்பமாட்டார் என்று தெரிந்தும், அவர் பெற்ற பிள்ளைகளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, பல குடித்தனங்கள் கூடி வாழும் கதையை ரசித்திருக்கிறீர்கள். உள்ளே நீங்கள் சிரித்தது அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்டிருக்காதா?

படத்தையும் நீங்கள் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். 1968-இல் கே. பாலசந்தர் தம் நாடகத்தையே படமாக்கியபோது, அந்த வீட்டுக் குடித்தனக்காரர்கள் அனைவரையும் தங்கமானவர்களாகக் காட்டிவிடவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் மாது என்ற ஆதரவற்ற இளைஞன், வீடு வீடாக எடுபிடி வேலை செய்து, மீந்த சோற்றைத் தின்றுகொண்டு படிக்கிறான். மாதுவாக வரும் நாகேஷ் சிரிக்க வைத்துக்கொண்டே நம் தொண்டையை அடைக்கச் செய்வது அதனால்தான். ஒட்டுறவு அந்தக் காலத்தோடு தானாக வந்ததும் இல்லை, தானாகப் போனதும் இல்லை. ஆதரவில்லாத ஒரு பிள்ளைக்கு ஒரு வாய் சோறு போடுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு நாளும் எடுத்த முடிவில்தான் அது இருந்தது.

தண்டையார்பேட்டை அகஸ்தியாவுக்குத் தெருவே திரண்டு போய்ப் படம் பார்த்த பகுதி உங்களுடையது. அந்தத் திரையரங்கும் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. தெரு சேர்ந்து சிரிக்க இனி உங்கள் வீட்டுக் கூடம் போன்ற இடங்கள்தான் மிச்சம். பிள்ளைகள் கத்தினால் கத்தட்டும். நான்கு வசனம் காதில் விழாமல் போனால் குடிமுழுகிப் போகாது. பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தொந்தரவாக நினைக்கும் வீட்டில் வளரும் பிள்ளை, நாளைக்கு வயதான பெற்றோரையும் அப்படித்தான் நினைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் மாமியாரையே கேட்டுப் பாருங்கள்.

வரும் சனிக்கிழமை இரவே அந்தப் பெண்ணிடம் போய், “நாளைக்குப் பிள்ளைங்க எங்க வீட்டுல சாப்பிடட்டும்மா, நீ நிதானமா வா” என்று சொல்லிவிடுங்கள். மாதுவுக்குக் கொடுத்ததுபோல மீந்ததைக் கொடுக்காதீர்கள். உலை வைக்கும்போதே இரண்டு பிடி அரிசி கூடுதலாகப் போடுங்கள். சாப்பாடு முடிந்ததும் உங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே அவர்களையும் உட்கார வைத்து, அதே படத்தை முதலிலிருந்து போடுங்கள்.