வாசகர் கேள்வி – பதில்: 4கே வீடியோவுக்கு எந்த மெமரி கார்டு?

கேள்வி: கார்டில் 170 எம்பி என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. ஆனாலும் 4கே எடுத்தால் சில விநாடிகளில் ரெக்கார்டிங் தானாக நின்றுவிடுகிறது. கேமராவில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் கார்டுதான் காரணம். அந்த 170, கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு நகலெடுக்கும்போது கிடைக்கக்கூடிய உச்ச வேகம். அதுவும் பொருத்தமான கார்டு ரீடர் இருந்தால்தான். வீடியோவுக்கு வேண்டியது, இடையில் தொய்யாமல் எழுதும் வேகம். மூலையில் சின்னதாக இருக்கும் வி30, வி60, வி90 குறிகள் அதைத்தான் சொல்கின்றன: விநாடிக்குக் குறைந்தது 30, 60, 90 மெகாபைட்.

இனி கேமரா மெனுவில் பிட்ரேட்டை, அதாவது ஒரு விநாடி வீடியோவுக்கு எவ்வளவு தகவல் பதிவாகிறது என்பதைப் பாருங்கள். அது மெகாபிட் கணக்கு, எட்டால் வகுக்க வேண்டும். 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட், 200 என்றால் 25. இரண்டுக்கும் வி30 போதும். ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகப் பதியும் ஆல்-இன்ட்ரா முறையில் 400 மெகாபிட் வைத்தால் 50 மெகாபைட் ஆகிவிடும். அங்கே வி30 தாங்காது, வி60 வேண்டும். 600 என்றால் 75, அதற்கு வி90. ஆகவே 4கே என்பதை மட்டும் வைத்துக் கார்டு வாங்காதீர்கள்.

கார்டு பின்தங்கினால், எழுத முடியாத தகவல் கேமராவின் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) சேரும். அது நிரம்பியதும் ரெக்கார்டிங் நின்றுவிடும். சில விநாடிகள் ஓடிவிட்டு நிற்பது அதனால்தான்.

கார்டு சரியாக இருந்தும் நின்றால், ஸ்லாட்டைப் பாருங்கள். வி90 கார்டின் பின்புறம் இரண்டு வரிசைத் தகடுகள் இருக்கும். சில கேமராக்களில் ஒரு ஸ்லாட் மட்டுமே இரண்டாவது வரிசையைப் பயன்படுத்தும்; மற்றதில் போட்டால் முதல் வரிசையின் குறைந்த வேகம்தான். அதுவும் சரியென்றால், எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டுக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். பிறகும் தொல்லை தந்தால் கார்டு போலியாக இருக்கலாம். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கில் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுக்க எழுதிப் படித்துச் சோதிக்கும். போலிக் கார்டு, உண்மையான கொள்ளளவு தீரும்வரை ஒழுங்காக வேலை செய்யும். அதற்குமேல் எடுத்தவை திறக்காது. புதுக் கார்டை முக்கியமான படப்பிடிப்புக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

கேள்வி: 128 ஜிபி எவ்வளவு நேரம் வரும்?

பதில்: 100 மெகாபிட்டில் சுமார் 2 மணி 50 நிமிடம், 400-இல் 42 நிமிடம். கொஞ்சம் குறைத்தே கணக்குப் போடுங்கள்.

கேள்வி: ஆல்-இன்ட்ரா வைத்தால்தான் தரமா? 8 பிட் போதாதா?

பதில்: ஆல்-இன்ட்ராவில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுமையாகப் பதிவாவதால் எடிட்டிங் இலகு. லாங்-ஜிஓபியில் அடுத்தடுத்த ஃபிரேம்களின் மாற்றங்களே பெரும்பாலும் பதிவாகும், ஃபைல் சிறியது. சாதாரண வேலைக்கு அதுவே போதும். தரத்தில் அதைவிடக் கண்ணுக்குத் தெரிவது 10 பிட். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. லாக்கில் (பின்னால் நிறம் திருத்துவதற்கென்றே மங்கலாகப் பதியும் முறையில்) எடுத்து நிறம் திருத்தினால், 8 பிட் வானத்தில் பட்டைபட்டையாகக் கோடு விழும். அதை எடிட்டிங்கில் முழுதாகச் சரிசெய்ய முடியாது. 10 பிட் எச்.265 (வீடியோவை மிகவும் சுருக்கிப் பதியும் முறை) சில கம்ப்யூட்டர்களில் திக்கித் திக்கி ஓடும். அப்போது 1080 அளவில் பிராக்ஸி (எடிட்டிங்குக்கான சிறிய நகல்) உருவாக்கி எடிட் செய்யுங்கள். இறுதி வெளியீட்டுக்கு மூல ஃபைல்களே பயன்படும்.