காரை வேறு கவுண்டியில் வாங்கினால் புது வரி தப்புமா?

தப்பாது. சாண்டா கிளாரா கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) குடியிருந்துகொண்டு அலமேடா கவுண்டியில் கார் வாங்கினால் புது விற்பனை வரி வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவில் காருக்கான உள்ளூர் விற்பனை வரி, வண்டி எந்த முகவரியில் பதிவாகிறதோ அந்த ஊர்க் கணக்கில்தான் சேரும். அந்தப் புது வரிதான் சாண்டா கிளாரா கவுண்டியில் 2025 நவம்பர் வாக்கெடுப்பில் நிறைவேறிய மெஷர் ஏ; டாலருக்கு 5/8 சென்ட். 40,000 டாலர் வண்டிக்குக் கூடுதலாக 250 டாலர். அதற்காக ஊர் ஊராக அலைய வேண்டாம்.

மளிகைச் செலவு ஏறுமோ என்ற பயமும் வேண்டாம். அரிசி, பருப்பு, காய்கறி, கடையில் வாங்கும் இட்லி மாவு எதற்கும் விற்பனை வரி கிடையாது. அதே இட்லியைச் சூடாகப் பார்சல் வாங்கினால் உண்டு. டாக்டர் எழுதித்தரும் மருந்துக்கும் இல்லை.

அப்புறம், பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகுமா என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. மெடிகெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நிதி வெட்டால் கவுண்டி ஆஸ்பத்திரிகள் தள்ளாடக்கூடாது என்றுதான் இந்த வரியைக் கேட்டார்கள். ஆனால் இது பொது வரி. அதனால்தான் மூன்றில் இரண்டு பங்கு இல்லாமல், பாதிக்கு மேல் ஓட்டு விழுந்ததே போதுமானதாக இருந்தது. இன்ன செலவுக்கு மட்டும் என்ற சட்டக் கட்டு இதில் இல்லை. வேலி மெடிக்கல் சென்டர், ஓ'கானர் போன்ற கவுண்டி ஆஸ்பத்திரிகளை நம்பியிருக்கும் ஏழைகளுக்காக நான் இதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். இந்த வரி இருக்கும் ஐந்து வருடமும் கணக்குக் கேட்க வேண்டியது நாம்தான். நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கும்; அதற்கு முன் நடக்கும் கவுண்டி பட்ஜெட் கூட்டங்களில் யாரும் பேசலாம். நீங்களும் வாருங்கள்.