காற்றுக்குத் தாங்கும், பனி ஏறினால்?

கே: டிஷ் ஆன்டெனாவுக்கும் வாசல் கைப்பிடிக் கம்பிக்கும் ‘பனியே ஒட்டாது’ என்று ஒரு பூச்சு அடித்துவிட்டுப் போனார்கள். ஐந்து வருட உத்தரவாதம். அடுத்த குளிர்காலமே பழையபடி கட்டிகட்டியாக ஒட்டுகிறது. கேட்டால், நான் சுரண்டியதால் உத்தரவாதம் செல்லாதாம்.

ப: ஒட்டினால்தானே சுரண்டுவார்கள்! ஒட்டவே ஒட்டாது என்று விற்றவருக்கு இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? இதையே எழுத்தில் கேளுங்கள். விளம்பரத் தாள், ரசீது, பனி ஒட்டிய படம் எல்லாவற்றையும் இணைத்து, பணம் திரும்ப வர ஒரு தேதியும் குறிப்பிடுங்கள். சுரண்டக் கூடாது என்ற நிபந்தனையைப் பணம் வாங்கும் முன் காட்டவில்லை என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

உங்களைக் குறை சொல்ல மாட்டேன். கடையில் தண்ணீர்த் துளி முத்துப்போல் உருண்டோடுவதைப் பார்த்து நானும் ஒரு டப்பா வாங்கியவன்தான். முதல் மூடுபனி இரவே டிஷ் வெள்ளைக் கொம்பு முளைத்து நின்றது. கழற்றுவது முன்பைவிடக் கஷ்டமாக இருந்தது. ஈரக் குளிரில் பூச்சின் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்புக்குள் உறைபனி புகுந்துவிடும். அதன்மேல் ஏறும் கட்டி வேர் விட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். பெயர்க்கும்போதெல்லாம் பூச்சும் கொஞ்சம் கூடவே வரும்.

கே: படிக்கட்டுப் பனிக்கு உப்பு மூட்டையாக வாங்கினேன். மைனஸ் 18 டிகிரியில் கரையவே இல்லை. போலியா?

ப: போலி இல்லை. சாதாரண உப்பு மைனஸ் 10-ஐ நெருங்கும்போதே சோர்ந்துவிடும். உங்கள் குளிருக்குக் கால்சியம் குளோரைடு வேண்டும். மூட்டையின் பின்பக்கத்தைப் படிக்க அரை நிமிடம் ஆகியிருக்கும்.

கே: பனிமழையில் கரண்ட் போனால் ஓட்ட ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறேன். கார் நிறுத்தும் அறையில் கதவைப் பாதி திறந்துவைத்து ஓட்டலாமா?

ப: கூடாது. வெளியே, சன்னல்களுக்கு எட்டாத தூரத்தில். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் உறைமழை (பட்ட இடத்திலேயே உறையும் மழை) மின்கோபுரங்களைச் சாய்த்தபோது, உள்ளே ஓட்டிய ஜெனரேட்டர் புகைக்கும் உயிர்கள் போயின. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணம் கிடையாது.

கே: 12 மீட்டர் ஆன்டெனா மாஸ்ட் (கம்பம்). மணிக்கு 160 கி.மீ. காற்றைத் தாங்கும், குளிர் பிரதேசத்துக்கு ஏற்றது என்று விளம்பரம். உறைமழை பெய்த அன்று சாதாரணக் காற்றிலேயே மடிந்துவிட்டது. இயற்கைச் சீற்றம், பொறுப்பில்லை என்கிறார் விற்றவர்.

ப: வருடம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது. மாஸ்ட் விற்கிறவர்கள் காற்று வேகத்தைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அது பனி ஏறாத வெறும் மாஸ்டுக்குப் போட்ட கணக்கு என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

மாஸ்டைப் பிடித்திருக்கும் ஸ்டே கம்பி ஒன்றை மட்டும் பாருங்கள். விட்டம் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் விழுகிற மழைத்துளி, கம்பியில் பட்டதும் கண்ணாடியாகப் படியும். சுற்றிலும் 20 மி.மீ. படிந்தால் கம்பி 46 மி.மீ. உருளை ஆகிவிடும். மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கூடுதல் பாரம். கம்பியின் சொந்த எடையோ கால் கிலோகூட வராது. காற்றுக்குக் காட்டும் அகலம் ஏழு மடங்குக்கு மேல். வெறும் கம்பியை 160 கி.மீ. காற்று தள்ளும் விசையை, இந்தக் கம்பிக்கு ஏறக்குறைய 60 கி.மீ. காற்றே கொடுத்துவிடும். மேகம் படியும் குன்று என்றால் வேறு கூத்து. மேகத்துளிகள் காற்று வரும் பக்கத்தில் மட்டும் ஒட்டி, காற்றை எதிர்த்தே வெள்ளையாக வளரும். பாரம் ஒருபக்கமாகச் சாயும்.

இதெல்லாம் புது விஷயமா? 1969 மார்ச் 19 அன்று இங்கிலாந்தின் எம்லி மூரில் 385 மீட்டர் ஒளிபரப்பு மாஸ்ட், பனியும் காற்றும் சேர்ந்து சரிந்து விழுந்தது. இன்று அங்கே நிற்பது கான்கிரீட் கோபுரம். கட்டுமானங்கள்மேல் பனி ஏறுவதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 12494 என்ற சர்வதேசத் தரநிலை 2001-இலிருந்து இருக்கிறது. கண்ணாடிப் பனிக்கு ஜி, வெள்ளைப் பனிக்கு ஆர் என்று வகுப்புகள் பிரித்திருக்கிறார்கள். விற்றவரிடம் எழுத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த வகுப்புப் பனி ஏறிய நிலையில், எந்தக் காற்று வேகத்துக்கு இந்த மாஸ்ட்? பதில் இல்லாதவர் ‘குளிர் பிரதேசத்துக்கு ஏற்றது’ என்று எதை வைத்து அச்சடித்தார்? அந்த விளம்பரத் தாளைப் பத்திரமாக வையுங்கள். மடிந்த மாஸ்டையும் புகார் முடியும்வரை எடைக்குப் போடாதீர்கள்.

கே: கூரை விளிம்பில் 30 மீட்டர் சூடேற்றும் கேபிள் போட்டேன். மின் கட்டணம் ஏறியது, பனிக்கூர்கள் தொங்குவது நிற்கவில்லை. இதைவிட நல்ல பிராண்ட் எது?

ப: பிராண்ட் கேட்கும் முன் பரணில் ஏறிப் பார்த்தீர்களா? வீட்டுச் சூடு மேலே கசிந்து கூரைப் பனியை உருக்குகிறது; அந்த நீர் குளிர்ந்த விளிம்புக்கு வந்து மறுபடி உறைகிறது. கேபிள் அந்தக் கட்டியில் வாய்க்கால் வெட்டும், அவ்வளவுதான். மீட்டருக்கு 20 வாட் என்றாலும் உங்களுடையது நாளெல்லாம் ஓடினால் 14 யூனிட். கசிவை அடைத்து, பரணில் வெப்பக்காப்பு போடுங்கள். அப்புறமும் தேவைப்பட்டால் குளிருக்கேற்ப தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ரகம் வாங்குங்கள். மிஞ்சியதைச் சுருட்டி ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே பிரியுங்கள், தீப்பிடிக்கும்.

கே: 18 மீட்டர் உயரம், 5 மீட்டர் விட்டத்தில் சின்னக் காற்றாலை வாங்குகிறேன். வீட்டிலிருந்து 15 மீட்டரில் நடலாமா?

ப: இறக்கையில் ஏறிய பனி சுழலும்போது தெறிக்கும். உயரத்தையும் விட்டத்தையும் கூட்டி ஒன்றரையால் பெருக்குவது குளிர் நாடுகளில் முதல் கணக்கு. உங்களுக்கு 34.5 மீட்டர் வருகிறது. இடம் இல்லையென்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்.