பதில்: தாத்தாவின் மிருதங்கத்துக்கு வார்னிஷ் அடிக்கலாமா?

பரணில் இருபது வருடம் கிடந்த மிருதங்கம், இழுத்துக் கட்டும் தோல் வார் முறுகிவிட்டது, கட்டையில் மயிரிழை போல ஒரு கோடு. வார்னிஷ் அடித்து வாரை இழுத்துக் கட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இரண்டையும் இப்போது செய்யாதீர்கள்.

காய்ந்த வார் அறுந்தால் பரவாயில்லை, புதிது போடலாம். விரிசல் விட்ட கட்டையில் இறுக்கம் ஏறினால் கோடு நீளும், எனக்கு அதுதான் பயம். முதலில் வாரைத் தளர்த்தி இரண்டு பக்க மூட்டுகளையும், அதாவது வாய்களை மூடியிருக்கும் தோல்களையும், கழற்றுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டைக்குள் டார்ச் வையுங்கள். வெளியே ஒளி இழையாகக் கசிந்தால் விரிசல் ஊடுருவிவிட்டது. சிறுவயதிலிருந்து வாசிக்கிறேன், பழைய கட்டைகளைச் சீர் செய்கிறேன். இன்றும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சின்ன விரிசலைப் பலாமரத் தூளையும் பசையையும் குழைத்து அடைக்கலாம். ஆனால் வாய் விளிம்பில் உப்புத்தாள் போடவே போடாதீர்கள். ஒரு பக்கம் தேய்ந்தாலும் தோல் சமமாக உட்காராது. வலந்தலையில், அதாவது வலது கை வாசிக்கும் பக்கத்தில், சுற்றிலும் ஒரே சுருதி சேராது.

மூட்டு புதிதாகத்தான் போட வேண்டும். அதற்கு முன் கட்டையின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 22 அங்குலத்தை ஒட்டியிருந்தால் உயர்ந்த சுருதிக்கு, 24 என்றால் தாழ்ந்த சுருதிக்கு. அப்புறம், வாருக்குப் பதில் போல்ட் நட் மாட்டச் சொல்வார்கள். பயணத்துக்கு அது வசதிதான். தாத்தாவின் கட்டைக்கு எருமைத்தோல் வாரே இருக்கட்டும்.

டார்ச் வைத்துப் பார்த்த படத்தைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.