ராத்திரில வரிசைகட்டி வர்ற ப்ளைட்டுங்க

கேள்வி: சார், எங்க மொட்டை மாடில இருந்து பார்த்தா மீனம்பாக்கத்துல இறங்க வர்ற ப்ளைட் லைட்டுங்க வரிசையா தெரியுது, ஆனா சில ரெண்டுக்கு நடுவுல மட்டும் கேப் ஜாஸ்தியா இருக்கே, ஏன்? போன வாரம் ஒண்ணு கிட்ட வந்துட்டு திரும்ப மேல ஏறிடுச்சு, பக்குனு ஆயிடுச்சு. (வாசகர், பம்மல்)

பதில்: அந்த கேப் சும்மா விடுறது இல்லீங்க. பெரிய ப்ளைட் போனா ரெண்டு றெக்கை நுனில இருந்தும் காத்து சுழல் சுழலா கிளம்பி மெதுவா கீழ இறங்கும், கண்ணுக்கும் தெரியாது, பின்னாடி வர்ற சின்னது அதுல மாட்டுனா ஒரு பக்கமா சாய்ச்சுடும். அதனால போயிங் 777 மாதிரி ஹெவிக்கு (ரொம்ப வெயிட்டான பெரிய ப்ளைட்டுக்கு) பின்னாடி அதைவிட சின்ன ஏ320 ப்ளைட் வந்தா பொதுவா 5 நாட்டிக்கல் மைல் விடணும், நம்ம கணக்குல 9 கிலோமீட்டருக்கு மேல. 777-ஐ விட பெரிய ஏ380 முன்னாடி போனா 7 நாட்டிக்கல் மைல். ரெண்டுமே ஏ320 சைஸ்னா ரேடார் வச்சு 3 மைல் வரைக்கும் கிட்ட கொண்டு வரலாம், அதுவும் எல்லா ஏர்போர்ட்லயும் இல்ல. காத்தே இல்லாத ராத்திரில சுழல் சீக்கிரம் கலையாது, அது வேற தலைவலி.

மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்துல வர்றப்போ அந்த 5 மைல் ரெண்டு நிமிஷம்தான், அதுக்குள்ள முன்னாடி இறங்குனது ரன்வேய விட்டு ஒதுங்கணும். ஒதுங்கலயா, பின்னாடி வர்ற பைலட்ட ஏர்போர்ட் கன்ட்ரோல் டவர்ல இருந்து மேல ஏறச் சொல்லிடுவாங்க, இதுக்குப் பேரு கோ-அரவுண்ட், சில சமயம் பைலட்டே முடிவு பண்ணுவார். நீங்க பார்த்தது அதாத்தான் இருக்கும், ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி வரிசைல சேர்ந்திருக்கும்.