பொருத்தி அழிக்கும் புதிர் விளையாட்டில் அப்படி என்ன ஈர்ப்பு?

வண்ணக் கட்டைகளைப் பொருத்தி அழிப்பதைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு விளையாட்டைக் கன்சோல் என்னும் வீடியோ விளையாட்டுக் கருவியில் மணிக்கணக்கில் ஆடுபவர்களுக்கு அதில் என்னதான் கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல ஆண்டுகளாக விடாமல் ஆடிவரும் லூமினஸை வைத்தே பதில் சொல்கிறேன்.

தெத்சுயா மிசுகுச்சி வடிவமைத்த இந்த விளையாட்டு, 2004 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் என்ற கையடக்கக் கன்சோல் விற்பனைக்கு வந்தபோது அதனுடனேயே வெளியானது. 2018இல் மெருகேற்றப்பட்டு நின்டெண்டோ ஸ்விட்ச் உள்ளிட்ட கன்சோல்களுக்கும் வந்தது. விதிகள் மிக எளியவை. இரண்டே நிறங்கள். இரண்டுக்கு இரண்டு என நான்கு கட்டங்கள் கொண்ட கட்டை மேலிருந்து இறங்கும். அதைத் திருப்பி, நகர்த்தி, ஒரே நிறத்தில் இரண்டுக்கு இரண்டு சதுரம் அமையும்படி இறக்க வேண்டும். விழும் கட்டைகளை அடுக்கி வரிசைகளை நிரப்பும் பழைய விளையாட்டான டெட்ரிஸின் களம் 10 கட்டம் அகலமும் 20 கட்டம் உயரமும் கொண்டது. இதுவோ அகலம் 16, உயரம் 10 என்று படுத்த வாக்கில் இருக்கிறது.

என்னை இதில் கட்டிப்போட்டது ஒரு கோடு. டெட்ரிஸில் வரிசை நிறைந்த உடனே அது மறைந்துவிடும். லூமினஸில் சதுரம் அமைந்தாலும் அது அங்கேயே நிற்கும். பாட்டின் தாளத்துக்கேற்ப இடமிருந்து வலமாக நகர்ந்துவரும் ஒரு செங்குத்துக் கோடு அதைக் கடந்த பிறகே அழியும். அமைந்ததற்கும் அழிவதற்கும் நடுவில் கிடைக்கும் அந்தச் சில நொடிகளில்தான் விளையாட்டு முழுவதும் இருக்கிறது என்பேன். சதுரத்தின் பக்கத்தில் அதே நிறத்தில் இன்னும் இரண்டு கட்டங்களைச் சேர்த்துவிட்டால் அது இரண்டு சதுரங்களாகக் கணக்காகும். மூன்றுக்கு மூன்றாக வளர்த்தால் நான்கு. ஆசைப்பட்டு வளர்த்துக்கொண்டே போனால் மற்ற இடங்களில் குவியல் ஏறிவிடும். கோடு பாதி கடந்துகொண்டிருக்கும்போது அவசரமாக ஒரு சதுரத்தை முடித்தாலோ, பாதிதான் அழியும், புள்ளியும் கிடைக்காது. இப்போதே எடுத்துக்கொள்வதா, இன்னும் ஒரு சுற்றுக்குப் பொறுப்பதா என்ற அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருப்பினால் ஒன்றாகிவிடுபவற்றை ஒரே வகையாகக் கொண்டால், சாதாரணக் கட்டைகள் மொத்தம் ஆறு வகைதான். அவற்றில் நிறங்கள் மூலைக்கு மூலை மாறி நிற்கும் கட்டையைப் புதிதாக ஆடுபவர்கள் வெறுப்பார்கள், ஏனெனில் எப்படித் திருப்பினாலும் ஒரே நிறம் இரண்டும் அருகருகே வராது. நானும் அதைக் கண்டாலே ஓரத்தில் தள்ளிவிடுவேன். பிறகு ஒரு நாள், ஒரு படி உயரம் மாறும் விளிம்பின் மேல் அது தற்செயலாக விழுந்தது. பாதிக் கட்டை பள்ளத்துக்குள் ஒரு படி இறங்க, ஒரே நிறக் கட்டங்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. அன்றிலிருந்து அந்தக் கட்டைக்காகவே களத்தில் ஒரு படியை விட்டுவைக்கிறேன். யாரும் சொல்லித் தராமல், களமே காட்டிக்கொடுத்த பாடம் அது.

ஒலியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் நிறைவடையாது. கட்டையைத் திருப்பும்போதும் இறக்கும்போதும் எழும் ஓசைகள் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டோடு ஒட்டியே அமைக்கப்பட்டுள்ளன. ஆட்டத்தில் சில நிலைகளைக் கடந்ததும் பின்னணியும் பாட்டும் மாறும். பாட்டு மாறினால் கோட்டின் வேகமும் மாறும். மெதுவான பாட்டில் கோடு வந்து சேர்வதற்குள் குவியல் கூரையைத் தொடப் பார்க்கும், வேகமான பாட்டிலோ பெரிய சதுரங்களை வளர்க்க அவகாசமே இருக்காது. ஆகவே காது கேட்பதை ஒட்டியே கை தன் உத்தியை மாற்றிக்கொள்கிறது. நீங்கள் ஒருமுறை ஆடிப் பார்ப்பதானால், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, விழும் கட்டையை விட்டுவிட்டு அந்தக் கோட்டையே கவனித்து ஆடுங்கள்.