கடல்வழிப் பேரரசு ஒன்று வளர்ந்த கதையை அசையும் வரைபடமாகச் செய்வது எப்படி?

நான் போர்ச்சுகீசியர்களை எடுத்துக்கொண்டு செய்தேன், 1415-ல் வட ஆப்பிரிக்கத் துறைமுகமான சியூட்டாவைப் பிடித்ததில் தொடங்கி 1663-ல் கொச்சி டச்சுக்காரர் கைக்குப் போனது வரை. அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில், நிலத்துக்கு வண்ணம் அடிக்கிற ஆசையை விட்டுவிடுங்கள். கோவாவைப் பிடித்த உடனே மேற்குக் கரை முழுக்கப் பச்சை பரவினால் அது பொய். அவர்களிடம் இருந்தது பெரும்பாலும் ஒரு துறைமுகம், ஒரு கோட்டை, சுற்றிக் கொஞ்சம் நிலம், அவ்வளவுதான். அதனால் புள்ளிகளும் கப்பல் வழிகளும் போதும். இலங்கைக் கரையோரம், பிரேசில் கரை மாதிரி உண்மையிலேயே நிலத்தை ஆண்ட இடங்களுக்கு மட்டும் வண்ணம் கொடுங்கள்.

வரைபடம் செய்யும் மென்பொருள் கியூஜிஐஎஸ் (QGIS), இலவசம்தான். கரையோரக் கோடுகளை நேச்சுரல் எர்த் தளத்தில் எடுத்துக்கொள்ளலாம். எக்செல்லில் இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, யார் கையில் இருந்தது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒரு பட்டியல் போடுங்கள். மலாக்கா 1511-ல் போர்ச்சுகீசியரிடம் வந்து 1641-ல் டச்சுக்காரரிடம் போகிறது. அதற்கு இரண்டு வரிசை வேண்டும், இல்லாவிட்டால் 1641-ல் ஊரே மறைந்துபோன மாதிரி தெரியும். கியூஜிஐஎஸ்ஸில் காலத்தை ஓட்டிக் காட்டும் டெம்போரல் கண்ட்ரோலர் (3.14 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது) அந்தத் தேதிகளைப் பார்த்து ஒவ்வொரு சட்டகத்தையும் (ஃப்ரேம்) படமாக எழுதித் தரும், அப்புறம் அந்தப் படங்களை எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ கருவியில் கோத்தால் வீடியோ ரெடி.

மெனக்கெட வேண்டியது காலத்துக்குத்தான். நான் முதலில் ஆண்டுக்கு ஒரு சட்டகம் என்று வைத்தேன், கோவா 1510-ல் ஒரு புள்ளியாக வந்து அப்படியே நின்றது. ஆனால் அந்த ஆண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகெர்க் ஊரைப் பிடித்து, மே மாதம் பீஜப்பூர் சுல்தான் அடில் ஷாவின் படையிடம் இழந்து, நவம்பர் 25 அன்று மறுபடி பிடித்தார். இவ்வளவும் ஒரே சட்டகத்துக்குள் காணாமல் போயிருந்தது! அதனால் 1497 முதல் 1515 வரை மாதத்துக்கு ஒரு சட்டகம் என்று மாற்றினேன். வேகம் மாறுவது பார்ப்பவருக்குப் புரிய வேண்டும், மூலையில் ஆண்டோடு மாதத்தையும் கட்டாயம் போடுங்கள்.

கப்பல் வழியையும் ஒரே வேகத்தில் ஓடவிடாதீர்கள். வாஸ்கோ ட காமா 1498-ல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்குக் காற்றோடு நான்கு வாரத்துக்குள் வந்துவிட்டார். திரும்பும்போது, ஆப்பிரிக்கா பக்கம் தள்ளிவிடும் வடகிழக்குக் காற்று தொடங்கும் முன்பே, ஆகஸ்ட் கடைசியில் கிளம்பிவிட்டார். மலிந்தி போய்ச் சேர்ந்தது அடுத்த ஜனவரியில், வழியில் மாலுமிகள் பலர் ஸ்கர்வி நோயில் செத்துப்போனார்கள். தேதி தெரிந்த இடங்களில் புள்ளி வைத்து, நடுவில் உள்ள தூரத்தை நாள் கணக்குக்குப் பிரித்துவிட்டால், போகும்போது விறுவிறுவென்று ஓடிய கோடு வரும்போது அரபிக்கடல் நடுவில் நகரவே மாட்டேன் என்று நிற்பது கண்ணுக்குத் தெரியும்.